மெர்வின் போகாத போர்

டெல்மாரில் மெர்வின் டிட்மர் என்று ஒருவரை விசாரித்தால், ஆளைச் சொல்வதற்கு முன்னால் காதைச் சொல்வார்கள். "காது டிட்மரா? தானியக் கிடங்குல எடைமேடையில இருப்பான் பாரு" என்பார்கள். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் சோளக்காட்டுக்கு நடுவே இருக்கிற சின்ன ஊர் அது. ஒருவனுக்கு ஒரு முறை ஒட்டிக்கொண்ட அடையாளம் லேசில் உதிராது.

சிறு வயதில் சீழ் பிடித்து மெர்வினின் இடது காதுச் சவ்வில் ஓட்டை விழுந்திருந்தது. வியட்நாம் போருக்கு ஆள் எடுத்தபோது அவருக்கும் அழைப்பு வந்தது. ஊர்ப் பையன்களோடு ஒரே பஸ்ஸில் சிரித்துப் பேசிக்கொண்டுதான் போனார். டாக்டர் காதில் விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். தகுதியில்லை என்று சொல்லிவிட்டார்கள். மற்றவர்கள் பட்டாளத்துக்குப் போக, மெர்வின் மட்டும் சாயங்கால பஸ்ஸில் திரும்பி வந்தார்.

அவருடைய அப்பா ஓட்டோ, ஐரோப்பாவில் சண்டை போட்டுவிட்டு வந்த மனிதர். சாப்பாட்டு மேஜையில் ஒரே ஒரு முறை கேட்டார்: "துப்பாக்கி சுடறதுக்குக் காது எதுக்குடா?" அதோடு சரி. பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

பக்கத்து வீட்டு டெனிஸ் வான்ஸ் சவப்பெட்டியில் திரும்பி வந்தான். மெர்வினும் அவனும் ஒரே வகுப்பு. டெனிஸின் அம்மா அல்மா மெர்வினை ஒரு வார்த்தை கடிந்து சொன்னதில்லை. ஆனால் மளிகைக் கடையில் பார்த்தாலும் சர்ச் வாசலில் பார்த்தாலும், கையைப் பிடித்துக்கொண்டு ரொம்ப அன்பாகக் கேட்பார்: "காது எப்படிப்பா இருக்கு, மெர்வின்?"

"பரவால்லம்மா."

மெர்வினுக்குக் கல்யாணமாகி, மகள் பிறந்து, தலை நரைத்த பிறகும் அந்தக் கேள்வி நிற்கவில்லை. அல்மா சாகும்வரை கேட்டார். இவரும் பரவாயில்லை என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

ஊர் பார்க்கிற மாதிரியே அவரும் தன்னைப் பார்க்கக் கற்றுக்கொண்டார். தாழ்ந்த குரலில் பேசுவார். கூட்டமென்றால் கடைசி நாற்காலி. கொடி பிடித்து ஊர்வலம் போகிற நாட்களில், கொடி எதிரே வரும்போது சரியாகக் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டுவார். அவருடைய மனைவி டோரிஸ் இதையெல்லாம் கவனித்திருந்தார். "உன் ஓட்டை காதுல இல்ல, மெர்வின்" என்று ஒரு நாள் சொன்னார். 

டோரிஸ் புற்றுநோயில் போனார். அதே வருஷம் மெர்வின் வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். தனியாக இருக்க வேண்டாமென்று மகள் லோரீன், தான் இருக்கும் ஹார்விக் ஊருக்கு அவரை வரச்சொன்னாள். அவள் அங்கே பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்த்தாள். அவள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு சின்ன வீடு கிடைத்தது. அந்த ஊரில் மெர்வினை ஒருவருக்கும் தெரியாது. அது எப்படிப்பட்ட நிம்மதி என்று போன பிறகுதான் அவருக்குத் தெரிந்தது.

மார்ச் மாதக் காற்று மண்டையைத் துளைத்துக்கொண்டிருந்தது. சர்ச் நடத்துகிற பழைய துணிக் கடைக்குப் போய் ஒரு தொப்பி தேடினார். அவருக்குப் பெரிய தலை, எதுவும் சேரவில்லை. கூடையின் அடியில் கிடந்த ஒரு கறுப்புத் தொப்பி மட்டும் அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது. அதன் நெற்றியில் 'வியட்நாம் படைவீரர்' என்று மஞ்சள் நூலால் தைத்திருந்தது. கீழே மஞ்சளும் பச்சையும் சிவப்புமாக ஒரு பட்டை. எழுத்தைக் கவனிக்கவில்லை என்று அப்புறம் பல முறை தனக்குத்தானே சொல்லிப் பார்த்துக்கொண்டார். கவனித்தார். கண்ணாடியில் இரண்டு முறை பார்த்தார். காற்றுக்குத்தானே என்று போட்டுக்கொண்டு வெளியே வந்தார்.

ரயில்பாதைக்குப் பக்கத்தில் டார்லா என்ற அம்மாள் நடத்தும் காப்பிக் கடை இருந்தது. காலைப் பலகாரத்துக்கு ஊர்ப் பெரியவர்களெல்லாம் அங்கேதான். மெர்வின் உள்ளே நுழைந்ததும், ஜன்னலோர மேஜையிலிருந்து உயரமான ஒரு மனிதர் எழுந்து வந்தார். தடித்த விரல்கள், மழித்த தலை. பெயர் ஹார்லன் ப்ரூடர். முப்பது வருஷம் பால் லாரி ஓட்டியவர். அவர் மெர்வினின் தொப்பியைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், கையை நீட்டினார்.

"நல்லபடியா வீடு வந்து சேர்ந்தியே. அது போதும்."

அங்கே போய் வந்தவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிற வார்த்தை அது என்பது மெர்வினுக்குத் தெரியும். கையை வெறுமனே பிடித்துக்கொண்டு நிற்பது மரியாதையாக இருக்காது என்று பட்டது.

"நீயும்" என்றார்.

அதுதான் அவர் சொன்ன முதல் பொய். ஒரே ஒரு சொல்.

"எந்தப் பக்கம் இருந்த?"

"வடக்கால... அதைப் பத்தி நான் அவ்வளவா பேசறதில்ல."

ஹார்லன் தலையை ஆட்டினார். "நானும்தான். வா, உட்காரு. இவன் கிளென். தபால்காரனா இருந்தவன். நம்ம ஆளு."

மேஜையில் இருந்த கிளென் நாற்காலியை இழுத்துப் போட்டார். டார்லா காப்பிக் கெண்டியோடு வந்து, "புதுசா வந்திருக்கியா கண்ணு? இந்த ரெண்டு கிழடுங்க பேச்சைக் கேட்டு மனசைக் கெடுத்துக்காதே" என்றாள். கேட்காமலேயே ஆப்பிள் பை என்கிற இனிப்புப் பலகாரத்தில் ஒரு துண்டு வெட்டி அவர் முன்னால் வைத்தாள். "இது கணக்குல இல்ல. நீங்கள்லாம் செஞ்சதுக்கு நாங்க என்னத்தைத் திருப்பித் தர முடியும்?"

மெர்வின் முள்கரண்டியை எடுத்தார். சாப்பிட்டார்.

எவ்வளவு குறைவாகப் பேசினாரோ அவ்வளவுக்கு அவரை நம்பினார்கள். நிஜமாகப் போய்வந்தவர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள் என்பது ஊரறிந்த விஷயம். அதனால் அவர் பேசாமல் இருந்ததே அத்தாட்சியாகிவிட்டது. கடைத்தெருவில் வாலிபர்கள் கதவைத் திறந்து பிடித்தார்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்த ஒரு பெண், "ரொம்ப நன்றி சார்" என்று சொல்லிவிட்டுப் போனாள். எதற்கு என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கொஞ்ச நாளில் மெர்வினின் நடை மாறிவிட்டது. முதுகு நிமிர்ந்தது. கடையில் சத்தமாகப் பேசினார், சிரித்தார். பனி கொட்டினால் பக்கத்து வீட்டு அம்மாளின் நடைபாதையையும் சேர்த்துச் சுத்தம் செய்தார். அந்தத் தொப்பிக்குள் இருக்கிற மனிதன் அப்படியெல்லாம் செய்கிறவனாகத்தான் இருப்பான் என்று தோன்றியது, செய்தார். கஷ்டமாகவே இல்லை.

"அப்பா, இங்க வந்து நீங்க எவ்வளவோ தெளிஞ்சிட்டீங்க. அம்மா பார்த்திருந்தா அசந்து போயிருப்பாங்க" என்றாள் லோரீன்.

அவள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் தொப்பியைக் கழற்றி, கார் இருக்கைக்கு அடியில் திணித்துவிட்டு இறங்குவார். அந்த இரண்டு நிமிஷத்தில் மட்டும் முகத்தைச் சூடாக என்னவோ அறையும். கதவைத் தட்டியதும் போய்விடும்.

இப்படியே கோடையும் கழிந்தது. அக்டோபரில் ஒரு மத்தியானம், பக்கத்து ஊரிலிருந்து பழைய விறகடுப்பு ஒன்றைத் தூக்கி வர ஹார்லன் துணைக்குக் கூப்பிட்டார். அவருடைய வண்டியில் போனார்கள். இரு பக்கமும் அறுவடைக்குக் காய்ந்து நின்ற சோளம். எதிரே ஒரு சாம்பல் நிறப் பூனை சாலையைக் கடந்தது. ஹார்லன் பிரேக்கை மிதித்த வேகத்தில் மெர்வினின் நெற்றி முன்கண்ணாடியில் இடிக்கப் பார்த்தது. வண்டி ஓரத்தில் நின்றது. ஹார்லனின் கைகள் ஸ்டியரிங்கை விடவில்லை.

"பூனை போயிடுச்சு, ஹார்லன்" என்றார் மெர்வின்.

"தெரியும்."

இன்ஜினை அணைத்துவிட்டு ஹார்லன் சாலையைப் பார்த்தபடியே பேசினார். "நான் அங்கயும் லாரிதான் ஓட்டினேன். வரிசையா போவோம். எது வந்தாலும் நிறுத்தக்கூடாதுன்னு உத்தரவு. நிறுத்தினா பின்னாடி வர்ற எல்லாரும் செத்தோம். உனக்குத் தெரியாததா?"

மெர்வின் தலையை ஆட்டினார்.

"ஒரு கிழவி. தோள்ல மூங்கில் கழி, ரெண்டு பக்கமும் கூடை. அவசரமில்லாம கடந்துட்டிருந்தா. என்னைப் பார்த்தா. நானும் அவளைப் பார்த்தேன். நிறுத்திடுவான்னு நினைச்சா போல, அப்படியே நின்னுட்டா." அவர் மூச்சை இழுத்து விட்டார். "நான் பிரேக்ல கால் வெக்கவே இல்ல. உத்தரவுக்காகன்னு சொல்லிக்கறேன். ஆனா அந்த நேரத்துல எனக்கு உத்தரவெல்லாம் ஞாபகமே இல்ல, மெர்வின். கால் வெக்கல. அவ்வளவுதான்."

காற்றில் சோளத் தட்டைகள் உரசிக்கொண்டிருந்தன.

"என் பொண்டாட்டி ஜாய்ஸுக்குக்கூடத் தெரியாது. நாப்பது வருஷமா அவகூட ஒரே மேஜையில சாப்பிடறேன். சொன்னதில்ல. போய்ப் பார்க்காதவங்ககிட்ட எப்படிச் சொல்றது? கிளென்கூட அங்க ஆபீஸ் வேலைதான். உன்கிட்டதான் சொல்ல முடிஞ்சுது."

மெர்வின் அப்போதே சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தார். எதிரே இருந்த முகத்தில் அவ்வளவு பெரிய எதிர்பார்ப்பு தெரிந்தது. அந்த முகத்துக்கு என்ன வேண்டுமென்று அவருக்குத் தெரிந்தது. அதைக் கொடுத்தார்.

"நம்ம எல்லாருக்கும் அப்படி ஒண்ணு இருக்கு, ஹார்லன்."

ஹார்லன் அழுதார். தோள் குலுங்க, சத்தமில்லாமல். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினார். அடுப்பைத் தூக்கும்போது பழையபடி கிண்டல் பேசினார், "எடைமேடைக்காரன்ங்கற, ஒரு அடுப்பைத் தூக்க இந்த முக்கு முக்கற" என்று. மெர்வினும் சிரித்தார். வீட்டுக்கு வந்ததும் தொப்பியைக் கழற்றி அலமாரிக்குள் போட்டுக் கதவைச் சாத்தினார்.

'நம்ம எல்லாருக்கும்.' அந்த 'நம்ம'வை அவரால் விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. தொப்பியைப் போட்டது விளையாட்டுத்தனம், காப்பிக் கடையில் சொன்னது மரியாதைக்கு என்று இதுவரை சமாதானம் சொல்லி வந்தார். இது அப்படியில்லை. ஒரு மனிதன் நாற்பது வருஷம் பொத்தி வைத்திருந்ததை ஆள்மாறாட்டம் செய்து வாங்கிக்கொண்டுவிட்டார்.

அதற்குப் பிறகு காப்பிக் கடைக்குப் போவதைக் குறைத்தார். ஜலதோஷம் என்றார், முதுகுவலி என்றார். ஹார்லன் விடவில்லை. நவம்பரில் படைவீரர் தினத்தன்று காலையில் வாசலில் வந்து ஹாரன் அடித்தார். பள்ளிக்கூட விளையாட்டு அரங்கில் குழந்தைகள் ஊர்ப் படைவீரர்களுக்கு வருஷாவருஷம் பாட்டுப் பாடி மரியாதை செய்வார்கள்.

"எனக்கு உடம்பு சரியில்ல, ஹார்லன்."

"யாருக்கு சரியா இருக்கு? பசங்க பாடறதைக் கேட்டா சரியாயிடும். ஏறு."

ஏறினார். தலையில் தொப்பி இருந்தது. லோரீன் அலுவலகத்தில்தான் இருப்பாள், அரங்குக்கு வரமாட்டாள் என்று நம்பிக்கொண்டார். முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். பாட்டு முடிந்ததும் தலைமை ஆசிரியர் ஒவ்வொரு போராகப் பெயர் சொன்னார். அந்தப் போருக்குப் போனவர்கள் எழுந்து நிற்க வேண்டும். கொரியா என்றதும் சக்கர நாற்காலியில் இருந்த ஒருவர் கையைத் தூக்கினார். அடுத்தது வியட்நாம். ஹார்லன் எழுந்தார். கிளென் எழுந்தார். மெர்வின் உட்கார்ந்தே இருந்தார். ஹார்லன் குனிந்து, அவர் முழங்கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார்.

அரங்கம் முழுக்கக் கைதட்டல். கதவோரத்தில் லோரீன் நின்றுகொண்டிருந்தாள். கையில் ஏதோ காகிதக் கட்டு. அப்பாவைப் பார்த்தாள், அவர் தலையில் இருந்ததைப் பார்த்தாள். புரிந்துகொண்டாள். மெர்வின் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அவள் காகிதக் கட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு, மெதுவாகக் கை தட்ட ஆரம்பித்தாள்.

டெல்மாரில் எத்தனையோ வருஷம் தலைகுனிந்து நடந்திருக்கிறார். ஆனால் வெட்கம் என்றால் என்னவென்று அந்த நிமிஷத்தில்தான் அவருக்குத் தெரிந்தது. மகள் தட்டிய ஒவ்வொரு தட்டும் தனியாகக் கேட்டது.

அன்று சாயங்காலம் லோரீன் அவர் வீட்டுக்கு வந்தாள். கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் நின்றாள்.

"ஏம்மா கை தட்டின?" என்றார் மெர்வின். வேறு எதைச் சொல்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

"எல்லாரும் தட்டினாங்க. நான் மட்டும் தட்டாம நின்னா, ஏன்னு கேக்க மாட்டாங்களா? என்னையும் பொய் சொல்ல வெச்சிட்டீங்க அப்பா. அதுவும் குழந்தைங்க முன்னாடி."

"நான் வேணும்னு..."

"வேணும்னுதான். என் வீட்டுக்கு வரும்போது தொப்பி எங்க போகும்? நான் பார்த்ததே இல்லையே." அவள் குரல் உடைந்தது. "நான் ஒரு முட்டாள். உங்களுக்கு எங்களால மனசு தேறியிருக்குன்னு நினைச்சேன். நான், என் வீட்டுச் சாப்பாடு, இந்த ஊரு. அதெல்லாம் இல்லையா?"

மெர்வின் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ஹார்லன் சொன்னதைச் சொல்லாமல், தனக்கு ஒருவர் ஒரு ரகசியம் சொன்னதாக மட்டும் சொன்னார். லோரீன் கோட்டின் பொத்தான்களைக் கழற்றிக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள்.

"நீங்க சொல்லலைன்னா நான் போய்ச் சொல்லிடுவேன்னு மிரட்டத்தான் வந்தேன்" என்றாள் கடைசியில். "ஆனா சொல்ல மாட்டேன். எனக்கு இந்த ஊர்ல வேலை பார்க்கணும். அதுதான் எனக்கு அசிங்கமா இருக்கு. நீங்களே சொல்லிடுங்கப்பா."

அந்த வாரத்திலேயே, தலையில் ஒன்றும் இல்லாமல், மெர்வின் காப்பிக் கடைக்குப் போனார். ஹார்லனும் கிளென்னும் ஜன்னலோரத்தில் இருந்தார்கள். உட்காராமல் நின்றபடியே சொன்னார்.

"நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நான் வியட்நாமுக்குப் போகல. பட்டாளத்துலயே இருந்ததில்ல."

கிளென் முட்டையைக் கிளறுவதை நிறுத்தினார். ஹார்லன் அவரை நிதானமாகப் பார்த்தார். பார்வையில் கோபமில்லை, இரக்கம் இருந்தது.

"உட்காரு, மெர்வின்."

"நிஜமாத்தான் சொல்றேன்."

"என் மச்சானும் இப்படித்தான். நான் போகவே இல்லன்னு பத்து வருஷம் சாதிச்சான். அவன் பொண்டாட்டி மெடலை எடுத்துக் காட்டினாக்கூட, அது யாரோடதோன்னுவான்" என்றார் கிளென் தாழ்ந்த குரலில்.

டார்லா பின்னாலிருந்து வந்து மெர்வினின் தோளில் கை வைத்தாள். "அன்னிக்குப் பள்ளிக்கூடத்துலயே உன் முகம் வெளுத்துப் போயிருந்துச்சு கண்ணு. பசங்க டிரம் அடிச்சது ஒத்துக்கலை போல. உட்காரு, சூடா ஏதாவது தர்றேன்." ஒரு பெரிய துண்டு ஆப்பிள் பை வந்தது.

மெர்வின் நின்ற இடத்திலேயே நின்றார். இத்தனை நாள் வாய்க்கு வராத உண்மையைக் கொண்டுவந்து கொடுக்கிறார், வாங்கிக்கொள்ள ஆளில்லை. அவர்கள் அன்பாகத்தான் இருந்தார்கள். அந்த அன்பே அவரை அந்தப் பொய்க்குள் தள்ளிக் கதவைச் சாத்தியது. ஒரு கணம், ஒரே ஒரு கணம், அப்படியே இருந்துவிடலாமா என்றும் தோன்றியது. சொல்லியாகிவிட்டது, அவர்கள்தான் நம்பவில்லை என்று லோரீனிடம் சொல்லிக்கொள்ளலாம். அப்படித் தோன்றியதை நினைத்து அவருக்குத் தன் மேலேயே வெறுப்பு வந்தது.

ஹார்லன் காசை வைத்துவிட்டு எழுந்து வெளியே போனார். மெர்வின் பின்னாலேயே ஓடினார். வண்டிக்குப் பக்கத்தில் அவரைப் பிடித்து நிறுத்தினார்.

"ஹார்லன், என் இடது காதுல ஓட்டை. சோதனைக்குப் போன அன்னிக்கே திருப்பி அனுப்பிட்டாங்க. நீ அங்க லாரி ஓட்டிட்டிருந்தப்ப நான் டெல்மார்ல சோளம் எடை போட்டுட்டிருந்தேன். தொப்பி சர்ச் கடையில வாங்கினது. டெல்மாருக்கு ஒரு போன் போடு. யாரை வேணா கேளு. காது டிட்மர்னு கேளு, சொல்லுவாங்க."

அந்தப் பெயரை ஹார்விக்கில் அவர் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை. பைத்தியம் முற்றியவன் இப்படி ஒரு பெயரை இட்டுக்கட்ட மாட்டான் என்று ஹார்லனுக்குப் பட்டிருக்க வேண்டும். அவர் முகத்திலிருந்த இரக்கம் வடிந்தது.

"அன்னிக்கு வண்டியில, நம்ம எல்லாருக்கும் அப்படி ஒண்ணு இருக்குன்னியே."

"பொய்."

"உனக்கு என்ன இருந்துச்சு?"

"ஒண்ணும் இல்ல."

ஹார்லன் கையை ஓங்குவார் என்று மெர்வின் எதிர்பார்த்தார். ஓங்கியிருந்தால் தேவலை என்றுகூட இருந்தது. ஹார்லன் வண்டிக் கதவைத் திறந்து, அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். வயதானவராகத் தெரிந்தார்.

"தொப்பியைப் போட்டுத் திரியறவனை நான் நிறையப் பார்த்திருக்கேன். அவனுங்களைப் பார்த்தா சிரிப்புதான் வரும். ஆனா நீ என்கிட்டயிருந்து அதை வாங்கிட்ட. அதை இப்ப எப்படி நீ திருப்பித் தருவ?"

ஹார்லன் ஏறிக் கதவைச் சாத்தினார். வண்டி போய்விட்டது.

ஊருக்குத் தெரிய அதிக நாளாகவில்லை. டார்லா காப்பி ஊற்றினாள். கண்ணு என்பது மட்டும் நின்றுபோயிற்று. அது எவ்வளவு பெரிய வார்த்தை என்று மெர்வினுக்கு அப்போதுதான் தெரிந்தது. மேஜை இல்லை, கல்லாவுக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போவார். போகாமலே இருந்திருக்கலாம். போனார். முதுகு பழையபடி வளைந்தது, குரல் உள்ளே போனது. பக்கத்து வீட்டு அம்மாள் தன் நடைபாதைப் பனியைத் தானே தள்ளிக்கொள்வதாகச் சொல்லிவிட்டாள்.

எல்லாரும் அறிந்துவிட்டால் ஒரு வழியாக முடிந்தது என்றிருக்கலாம். அப்படியும் நடக்கவில்லை. விஷயம் தெரியாதவர்கள் அங்கங்கே இருந்துகொண்டே இருந்தார்கள். அரங்கில் அவரைப் பார்த்த ஒரு சிறுமி கடையில் அம்மாவின் கையை உதறிவிட்டு ஓடி வந்து, "சார், நன்றி" என்றாள். மெர்வின் குனிந்து, "இல்லம்மா. நான் போகல. அன்னிக்கு நான் எழுந்து நின்னது தப்பு" என்றார். குழந்தைக்குப் புரியவில்லை. அவள் அம்மாவுக்குப் புரிந்தது. மகளை இழுத்துக்கொண்டு போனாள். பெட்ரோல் போடுகிற இடத்தில், முடி வெட்டுகிற இடத்தில், ஒவ்வொருவரிடமும் புதிதாகச் சொல்ல வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் அவர்கள் முகம் மாறுவதை நின்று பார்த்தார். பார்க்காமல் திரும்பிக்கொள்ளக்கூடாது என்று மட்டும் வைத்துக்கொண்டார்.

லோரீன் ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பிடக் கூப்பிட்டாள். பள்ளிக்கூடத்தில் யாராவது ஏதாவது சொன்னார்களா என்று அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. ஒரு முறை, பாத்திரம் கழுவும்போது, "நீங்க சொன்னதுக்கு அப்புறம் என்னால அங்க தலை நிமிர்ந்து நடக்க முடியலைப்பா. ஆனா சொல்லாம இருந்திருந்தா வீட்டுலகூட முடிஞ்சிருக்காது" என்றாள். மெர்வின் துணியால் தட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

ஏப்ரலில் மண் இளகியதும் வீட்டுப் பக்கவாட்டில் உருளைக்கிழங்கு போடக் கொத்திக்கொண்டிருந்தார். தெருவில் ஹார்லனின் வண்டி வந்து நின்றது. ஹார்லன் இறங்கி, கம்பிவேலிக்கு அந்தப் பக்கமே நின்றார்.

"ஜாய்ஸ்கிட்ட சொல்லிட்டேன்."

மெர்வின் மண்வெட்டியைச் சாய்த்து வைத்தார்.

"நாப்பது வருஷமா உள்ளேயே கிடந்தது. உன்கிட்ட ஒரு தடவை வெளிய வந்துச்சு, அப்புறம் திரும்ப உள்ள போகமாட்டேன்னுடுச்சு. தொண்டையிலயே நின்னுச்சு. குளிர்காலம் பூரா அவகூட ஒழுங்கா பேச முடியல. போன வாரம் சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"அழுதா. அப்புறம் அந்தக் கிழவி பேரு என்னன்னு கேட்டா." ஹார்லன் வேலிக் கம்பியைப் பிடித்தார். "எனக்கு எப்படித் தெரியும்? ஆனா பாரு, அவளுக்கு ஒரு பேரு இருந்திருக்கும்னு இத்தனை வருஷத்துல எனக்குத் தோணவே இல்ல. ஜாய்ஸ் உடனே கேட்டுட்டா."

"சொன்னது நல்லதாச்சு, ஹார்லன். எனக்கு..."

"நீ ஒண்ணும் சொல்லாத. உனக்கு நன்றி சொல்ல நான் வரல. உன்னை மன்னிக்கவும் வரல. நடந்ததை அவன்கிட்ட சொல்லிட்டு வாங்கன்னு ஜாய்ஸ் சொன்னா, வந்தேன். எங்க மேஜைக்கு வந்துடலாம்னு நினைச்சுக்காத. நாங்க வேற."

"நினைக்கல."

"சரி."

ஹார்லன் ஏறிப் போனார். மெர்வின் வண்டி திரும்புகிறவரை பார்த்துக்கொண்டு நின்றார். நெஞ்சுக்குள் மெல்ல ஒரு கதகதப்பு பரவியது. தன்னால் ஒரு மனிதனுக்கு, எப்படியோ, ஒரு நல்லது நடந்துவிட்டது. முதுகு தானாக நிமிர்ந்தது. அப்போதுதான், தான் கழுத்தைத் திருப்பி அக்கம்பக்கத்து ஜன்னல்களைப் பார்த்துக்கொண்டிருப்பதை உணர்ந்தார். ஹார்லன் ப்ரூடரின் வண்டி தன் வீட்டு வாசலில் நின்றதை யாராவது பார்த்தார்களா என்று தேடிக்கொண்டிருந்தார். பார்த்திருக்க வேண்டுமென்று ஆசைப்பட்டார்.

முகம் காதுவரை சூடாகியது. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, தெருவுக்கு முதுகைக் காட்டியபடி கொத்த ஆரம்பித்தார்.